சிவமணியின் இரண்டு கையொப்பங்கள்

1

இந்தக் கதை எனக்குக் கொழும்புக் கொட்டாஞ்சேனையில், மீரா சாஹிபின் தபால் முத்திரைக் கடையில் கிடைத்தது. தடுப்பு முகாம்களைக் கண்டித்து ஒரு துண்டுப்பிரசுரம் எழுத நினைத்து, துணிந்து அச்சிட்டுத் தரக்கூடிய அச்சகம் எது என்று அவரிடம் விசாரிக்கப் போனேன். அவர் அச்சகத்தைச் சொல்லவில்லை. சவுந்தரநாயகத்தைப் பற்றிச் சொன்னார். பிரசுரத்துக்கு ஓர் எதிரி வேண்டும். எனக்குக் கிடைத்தவரோ பூதக்கண்ணாடி பிடித்த ஒரு கிழவர். பிரசுரத்துக்கென்று வாங்கிய தாளில் இப்போது இதை எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்:

"நாட்டோரே! நீதி என்னும் சொல்லை நாவிலும் பூட்டின் சாவியை மடியிலும் வைத்திருப்போரைப் பார்த்துக் கேட்கிறேன்…"

[விட்டுவிட்டேன். இந்தக் குரலுக்குக் கைதட்டக் கூட்டம் வேண்டும். நான் சொல்லவிருக்கும் அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அவர்களில் எவரும் கைதட்டும் நிலையில் இல்லை.]

இரண்டாவது தொடக்கம்:

"1997ஆம் ஆண்டு, வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த மூன்றாம் மாடியில், சந்திரனுக்குப் போய்வந்த ஒருவரின் கையொப்பத்தைச் சவுந்தரநாயகம்…"

இங்கே பேனா நின்றது. போர்க்காலத்தில், காலி வீதியில் ஐந்நூறு கெஜத்துக்கு ஒரு சோதனைச் சாவடி நிற்கும்போது, ஒரு தமிழன் விண்வெளி வீரர்களின் கையொப்பமிட்ட கடித உறைகளைச் சேர்ப்பானா? இந்த மனிதரை எனக்கே நம்பமுடியவில்லை.

2

ஆயினும் அவர் சேர்த்தார். நில அளவைத் திணைக்களத்தில் முப்பது ஆண்டுகள் வரைபடம் வரைந்தவர். 1971இல் ஓர் உறையில் தன் முகவரியை எழுதி, பதில் முத்திரைக்கும் வழிசெய்து, கடல் கடந்து ஒரு விண்வெளி வீரருக்கு அனுப்பினார். ஏழு மாதம் கழித்து அது கையொப்பத்தோடு திரும்பியது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தபோது சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடியது அதைத்தான். மனைவியின் தாலிக்கொடி அலுமாரியோடு போயிற்று.

பிறகொரு நாள் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் அதே வீரரின் கையொப்பத்தின் படத்தை, அதன் அசல் அளவிலேயே கண்டார். படத்தையும் உறையையும் ஒன்றின்மேல் ஒன்றாக யன்னற் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். ஒரு கோடு பிசகவில்லை. அது கையல்ல, கையொப்பம் போடும் இயந்திரம்.

அன்றிலிருந்து ஒரே விதி. மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி ஒப்பமிடாது. மூச்சு, பசி, அவசரம் ஏதாவது ஒன்று கோட்டைச் சற்று நகர்த்தும். இரண்டு ஒப்பங்கள் முற்றும் ஒத்திருந்தால் அதுவே பொய்க்குச் சாட்சி. கிராண்ட்பாஸிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் சேகரிப்பாளர்கள் அவரிடம் உறைகளைக் கொண்டுவந்தார்கள். பொய்யைக் கண்டுபிடித்த ஒவ்வொரு தடவையும், கரம் பலகையில் கடைசிக் காயைக் குழிக்குள் விழுத்தியவரைப் போல, "பிடிச்சிட்டன்!" என்று கத்துவார்.

(ஓர் அடிக்குறிப்பு: சந்திரப் பயணத்துக்கு முன் சில வீரர்கள் உறைகளில் ஒப்பமிட்டு வீட்டில் விட்டுப் போனார்கள். திரும்பி வராவிட்டால் குடும்பம் விற்றுப் பிழைக்கட்டும் என்று. இதை இனி வரப்போகும் சிவமணியோடு ஒப்பிட்டு ஒரு முழுப்பக்கம் எழுதி, பிறகு கிழித்தேன். அவர்கள் தாமாகப் போனார்கள், இவனைக் கொண்டுபோனார்கள்.)

3

சிவமணி, அதே கட்டடத்தின் முதலாம் மாடியில் இருந்த பாலேஸ்வரியின் ஒரே மகன். வயது இருபத்திரண்டு. பெப்ரவரியில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் பிடிக்கப்பட்டு, தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டான். ஏப்ரலில் ஒரு தபாலட்டை வந்தது; செப்டெம்பரில் இன்னொன்று. இரண்டிலும் செய்தி சிங்களத்தில், வேறு எவருடைய கையெழுத்திலோ: நலமாக இருக்கிறேன், கவலை வேண்டாம். கீழே கையொப்பம் மட்டும் அவனுடையது.

ஒரு புதன்கிழமை பின்னேரம் பாலேஸ்வரி மாடியேறி வந்தாள். மீரா சாஹிப் ஓர் உறையோடு ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணை, கள்ளக் கையெழுத்தை மணந்து பிடிப்பியளாம் எண்டு சனம் கதைக்குது."

"மணக்கிறேல்லைப் பிள்ளை, வெளிச்சத்திலை பிடிக்கிறனான். என்ன, காணி உறுதியோ?"

"காணியோ? அது ஆமிக்காரன்ரை முகாமாய்ப் போச்சு. இது சிவமணியின்ரை."

அட்டைகளை மேசையில் வைத்தாள்.

"பிள்ளையைக் கொண்டுவந்து காட்டச்சொல்லி நான் போட்ட வழக்கு வெள்ளிக்கிழமை வருது. கோட்டிலை கேப்பினமாம், பிந்தி வந்தது மகன்ரை கையெழுத்தோ எண்டு. ஓம் எண்டால், பிள்ளை உயிரோடை இருந்து கடிதம் போடுது, பிறகென்ன வழக்கெண்டு தள்ளுபடி செய்துபோடுவினமாம். இல்லை எண்டால் வழக்கு நடக்குமாம். ஆனால் இல்லையெண்டு சொல்லுறது என்னண்டு உங்களுக்கு விளங்குதெல்லோ, அண்ணை?"

விளங்கியது. பிந்திய அட்டையில் ஒப்பமிட்டது அவன் இல்லையென்றால், ஏப்ரலுக்குப் பிறகு அவன் ஒப்பமிடக்கூடிய நிலையில் இல்லை.

4

சவுந்தரநாயகம் ஏப்ரலின் மேல் செப்டெம்பரை வைத்துக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். கரையோர ரயில் போனது, கண்ணாடி அதிர்ந்தது, அதிர்வு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு பார்த்தார். "சி"யின் வளைவு வளைவில் விழுந்தது. கடைசிச் சுழி சுழிக்குள் இறங்கியது.

"நாயகம் ஐயா, ஒண்டுக்கு மேல ஒண்டு அப்படியே உக்காந்து ஈக்கிதே!" என்று மீரா சாஹிப் எழுந்து வந்தார்.

பத்து வருடப் பழக்கம், வாசகரே, பத்து வருடப் பழக்கம். அந்த ஒரு கணம் அறையில் தாய் இல்லை, மகன் இல்லை, முகாம் இல்லை. ஒரு பொய் மட்டும் இருந்தது, அது அகப்பட்டுவிட்டது. சவுந்தரநாயகத்தின் முகம் மலர்ந்தது.

"பிடிச்சிட்டன்!" என்றார்.

[இந்த இடத்தில் முகாமையும் அரசையும் நோக்கி நாற்பது வரி எழுதியிருந்தேன். ஒவ்வொரு வரியும் நியாயம். ஒவ்வொரு வரியும் மேடையில் இடியாக இறங்கும். ஆனால் அந்த அறையில் அந்தச் சொல்லைச் சொன்னது அரசு அல்ல. நல்ல மனிதர் ஒருவர், தன் திறமையின் மகிழ்ச்சியில் சொன்னார். நாற்பது வரியையும் எடுத்துவிட்டேன்.]

பாலேஸ்வரி கேட்டாள்: "எதைப் பிடிச்சனீங்கள், அண்ணை?"

5

அவர் விதியைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது. ஏப்ரல் அட்டையை வைத்து எவனோ செப்டெம்பர் அட்டையில் பிரதி எடுத்திருக்கிறான் என்றார். மிச்சத்தை அவள் கேட்கவில்லை; கீழே போனாள். போன வேகத்தில் ஓர் அப்பியாசக் கொப்பியோடு திரும்பி வந்தாள்.

"தொண்ணூற்றைஞ்சிலை பொலிஸ் பதிவிலை ஒரு கையெழுத்து, அடையாள அட்டையிலை வேறை கையெழுத்தெண்டு பிள்ளையை ரெண்டு நாள் உள்ளை வைச்சிருந்தவங்கள். வந்தாப்பிறகு நான்தான் இருத்தி எழுதிப் பழக்கினனான். ஒரே மாதிரி வரும்வரைக்கும் சோறு போடேல்லை. பாருங்கோ!"

பக்கம் பக்கமாகச் சிவமணி. ஒரு வரியில் ஐந்து, ஒரு பக்கத்தில் நூறு. சவுந்தரநாயகம் தாள்களைக் கழற்றிக் கண்ணாடியில் வைத்தார். ஒரு சோடியில் மயிரிழை பிசகு. இன்னொன்றில் சுழி சற்று விலகியது. ஏழாவது சோடியில் பிசகே இல்லை.

அவர் யன்னலடியிலேயே நின்றார். மூச்சும் பசியும் கோட்டை நகர்த்தும் என்பதே அவருடைய விதி. ஒரு தாய் பயத்தினால் மகனின் கையிலிருந்து மூச்சையும் பசியையும் துடைத்தெடுத்திருந்தாள். அட்டை பொய்யாக இருக்கலாம். அல்லது மகன், அம்மா பழக்கியபடியே, பிசகாமல் எழுதியிருக்கலாம். கண்ணாடியால் இனி எதையும் சொல்ல முடியாது.

"இப்ப சொல்லுங்கோ," என்றாள் பாலேஸ்வரி. "அவன்ரை கையோ?"

6

மீரா சாஹிப் சொன்ன கதை இந்த இடத்தோடு நின்றது. "எனக்கு அதில இரிக்க ஏலாமப் போச்சு, தம்பி. உறைய மறந்துட்டு எறங்கி வந்துட்டன். அதுக்குப் பொறகு ஐயா கடைப்பக்கம் வரவே இல்ல."

ஆகவே முடிவை நான்தான் எழுதவேண்டும். எழுதிப் பார்த்தேன்.

அவர் "அவன்ரைதான்" என்கிறார். வெள்ளிக்கிழமை பாலேஸ்வரி "ஓம்" என்கிறாள். வழக்கு தள்ளுபடியாகிறது. அடுத்த அட்டைக்காக அவள் தபாற்காரனைப் பார்த்து நிற்கிறாள். அட்டை வரவில்லை.

அவர் "இல்லை" என்கிறார். அவளும் நீதிமன்றத்தில் அதையே சொல்கிறாள். வழக்கு நடக்கிறது, தவணை, தவணை, மீண்டும் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் அவள் தன் வாயால் மகனை ஒருமுறை புதைத்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்புகிறாள்.

இரண்டிலும் சிவமணி வரவில்லை. அவனை வரவைக்கும் ஒரு முடிவுக்காக மூன்று வாரம் உட்கார்ந்தேன். "கதவு தட்டப்பட்டது. பாலேஸ்வரி எழுந்து…"

அதற்கு மேல் எழுதக் கூசுகிறது. அநியாயத்தை எழுத்து அசைக்கும் என்று எத்தனையோ மேடைகளில் முழங்கியவன் நான். ஒரு கதவைக்கூட என்னால் திறக்க முடியவில்லை.

எனவே வெள்ளிக்கிழமையோடு நிறுத்துகிறேன். நீதிமன்றம். முன்வரிசையில் சவுந்தரநாயகம் குனிந்திருக்கிறார். பாலேஸ்வரியின் கையில் செப்டெம்பர் அட்டையைக் கொடுக்கிறார்கள். நீதிபதி சிங்களத்தில் கேட்கிறார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்கிறார்: இது உங்கள் மகனின் கையொப்பமா? இரண்டாம் தடவையும் கேட்டாயிற்று. மூன்றாம் தடவை கேட்கமாட்டார்கள். சுருக்கெழுத்தாளர் எழுதத் தயாராகப் பேனாவைத் தாளில் ஊன்றிவிட்டார்.

வாசகரே, சொல்ல ஒரு சொல் போதும். என்னிடம் அது இல்லை. உங்களிடம் இருந்தால், இருக்கும் இடத்தில் எழுந்து நின்று, அவளுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.