ஸ்லாட்டுக்குள் ஒரு பொட்டு

சமயநல்லூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மலைச்சாமி, தன் பழைய லேப்டாப்பை என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மேசையில் பொத்தென்று வைத்தார்.

"பெனடிக்ட் அண்ணே, நாலு ஜிபி ரேம் ரெண்டு போட்டிருக்கேன். மொத்தமே நாலுதான் காட்டுது. ரேம் வித்தவன் ஏமாத்திப்புட்டான்."

அடுத்தவன் மேல் பழியைப் போட்டுக்கொண்டே கடைக்குள் நுழைகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பின்மூடியைக் கழற்றினேன். முதல் ஸ்லாட்டில் இரண்டு ரேம்களையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன், இரண்டும் ஓடின. முதலாவதைக் காலியாக விட்டு இரண்டாவது ஸ்லாட்டில் எதை மாட்டினாலும் திரை இருட்டாகவே கிடந்தது. ஆக, ரேம் நல்ல ரேம்தான், கோளாறு ஸ்லாட்டில்.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். சந்தனம் காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. அதன் நடுவில் குங்குமம்.

"யாருண்ணே இதுக்குள்ள பொட்டு வச்சது?"

"நான்தான், ஆயுதபூசையன்னைக்கு. மூடி மேல வச்சா கை பட்டு அழிஞ்சுருது. வேலை நடக்குறதே உள்ளதானண்ணே?"

பிரஷ்ஷால் தேய்த்தேன், ஸ்பிரிட்டால் துடைத்தேன். பின்கள் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தன.

"இந்த ஸ்லாட் செத்துப்போச்சுண்ணே! இனி ஒத்தை ஸ்லாட்தான்!" என்று கத்தினேன்.

மலைச்சாமி வருத்தத்தோடு தலையாட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து சந்தன டப்பாவை எடுத்தார்.

"அப்ப மிச்சமிருக்குற ஒன்னுக்காவது கண்ணு பட்டுறாம ஒரு பொட்டு வச்சிருவோம்."

பாய்ந்து இரண்டு கைகளாலும் ஸ்லாட்டை மூடினேன். பொட்டு என் புறங்கையில் விழுந்தது.

"பரவால்லண்ணே," என்றார். "கையும் ஆயுதந்தானே?"