சின்ன மிஷின் போதும்

"தனக்கொடி, கையைக் கழுவிட்டு வண்டியில ஏறு. மிஷின் பாக்கப் போறோம், நீயும் வா" என்றார் சிராஜுதீன்.

தனக்கொடி அப்போது பூஜோ காருக்குள் குந்தி, பின்சீட்டின் அடியில் ஒட்டியிருந்த பழத்தோலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டுவதை நிறுத்தினாள். ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை.

சிராஜுதீனுக்கு நான்கு வாடகைக் கார்கள். பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. வண்டிக்கு வெளியே தண்ணீர் அடித்துக் கழுவிப் பளபளப்பாக்குவது டிரைவர்கள் பாடு. அதைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி செய்வார்கள். உள்ளே பெருக்கித் துடைப்பது தனக்கொடியின் பாடு. கல்யாண வீட்டு அட்சதை, கடற்கரை மணல், பீடித் துண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எடுத்த வாந்தி எல்லாம் அவளுடையது.

போன வாரம்தான் இந்தப் பேச்சு கிளம்பியது. வாரா வாரம் வண்டி எடுக்கிற ஒரு பிரெஞ்சுக்கார மதாமின் குழந்தைக்கு மூச்சிழுப்பு நோய். வண்டிக்குள் ஏறினாலே இழுக்கிறது. துடைப்பத்தால் கிளப்புகிற தூசி மறுபடி சீட்டிலேயே படிகிறது, துடைப்பம் இனி ஆகாது, தூசியை உறிஞ்சுகிற அஸ்பிரத்தேர் மிஷின் வாங்கினால்தான் உன் வண்டியில் ஏறுவேன் என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷமாகி, வெள்ளைக்காரத் தெருவில் வீட்டுக்கு வீடு சாமானை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம். ஒரு வீட்டில் இரண்டு மிஷின் கிடப்பதாகச் சிராஜுதீன் காதில் விழுந்தது.

பாய் கொட்டகைக் கதவைப் பூட்டப் போன சமயத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சக்கரபாணி திரும்பிப் பார்த்தான். முப்பது வயசுக்காரன். நாக்கு நீளம்.

"பாத்தியாக்கா, கத்தி வாங்க ஆட்டையும் கூட்டிகினு போறாரு பாய்."

"நீ வண்டிய ஓட்டு" என்றாள்.

"நான் ஓட்டுறது இருக்கட்டும். நாளையிலேருந்து நீ எதை ஓட்டப் போற? ஈயா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். 

ஆறு வருஷம் முன்னால்வரை அவள் சித்தாள். ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி கட்டும்போது சாரம் சரிந்து, செங்கல் கூடையோடு கீழே வந்தாள். வலது தோள் இறங்கிவிட்டது. கட்டுப்போட்டவன் கோணலாகப் போட்டான். அந்தக் கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. ஒரு செம்பு தண்ணீரைக்கூட அதிக நேரம் தாங்காது. கூடை தூக்க முடியாத பெண்ணுக்கு ஊரில் வேலை கிடையாது. நாற்று நடக் கூப்பிட்ட இடத்தில்கூட, நாற்றுக்கட்டைத் தூக்கி வீசத் தெரியவில்லை என்று பாதியில் அனுப்பினார்கள். கடைசியில் கிடைத்தது இந்த வேலை. ஈரத்துணிக்குக் கனமில்லை. காருக்குள் குந்திவிட்டால் வலது முழங்கையைச் சீட்டில் ஊன்றிக்கொண்டு இடது கையாலேயே எல்லாவற்றையும் செய்யலாம். தோளைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. பீச்சாங்கைக்காரி என்று டிரைவர்கள் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தக் கேலிக்குப் பின்னால் தோள் பத்திரமாக இருந்தது.

வெள்ளைக்காரத் தெரு வீட்டில் முற்றம் முழுக்க மரப்பெட்டிகள். வீட்டுக்கார முசேயும் அவர் மதாமும் கப்பல் டிக்கெட் விஷயமாக வெளியே போயிருந்தார்கள். விற்கிற பொறுப்பு வேலைக்காரி பார்வதியிடம் இருந்தது. நரைத்த தலை, இடுப்பில் சாவிக்கொத்து.

"எல்லாம் போவுது. நானும் கூட வரேன்னேன். பெட்டியில எடமில்லன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் இருந்த இரண்டு மிஷின்களின் மேல் கிடந்த துணியை இழுத்தாள்.

ஒன்று பெரியது. படுக்க வைத்த பீப்பாய் மாதிரி உடம்பு, அடியில் இரண்டு சறுக்குக் கட்டை, முன்னால் ஆள் நீளத்துக்குத் துணிக்குழாய். இன்னொன்று சின்னது. தேய்ப்புப் பெட்டி மாதிரி மேலே பிடி, முன்னால் தட்டையான வாய், பின்னால் தொங்குகிற ஒரு துணிப்பை. கையிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது.

காரை வராந்தா ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெரிய மிஷினின் ஒயரைப் பார்வதி சுவரில் செருகினாள். அது உறுமியதும் சக்கரபாணிக்குக் கை துறுதுறுத்தது. "குடு, நான் பாக்கறேன்" என்று குழாயை வாங்கிக் கதவு வழியாக உள்ளே நீட்டினான்.

மணல் குழாய்க்குள் சடசடவென்று ஓடுகிற சத்தம் வெளியே கேட்டது. முடி, அரிசி, சருகு எதுவும் நிற்கவில்லை. கால்மிதியையே பிடித்து இழுத்தது. சக்கரபாணி இடுப்பை வளைக்கக்கூட இல்லை. பீடி பிடிக்கிறவன் மாதிரி நின்றபடியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். தனக்கொடி ஒரு துணியைப் பிழிந்து முடிக்கிற நேரத்துக்குள் அவன் ஒரு பக்கத்தை முடித்துவிட்டான்.

"அப்பா, இன்னா இழுப்பு இழுக்குது" என்று பாய் சிரித்தார்.

தனக்கொடி குழாயையே பார்த்தாள். இது வந்தால் யார் வேண்டுமானாலும் நின்ற வாக்கில் செய்துவிடுவான். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவனே உள்ளேயும் உறிஞ்சிவிட்டுப் போவான். குந்தி உட்கார்ந்து துடைக்க ஒருத்தி எதற்கு? சின்னது என்றால் அப்படி இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது உள்ளே நுழைந்துதான் ஆக வேண்டும். நுழைகிற ஆள் தானாக இருக்க வேண்டும்.

"மொதலாளி, அதுக்கு வாய் அகலம்" என்றாள். அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "சீட்டு இடுக்குல போவாது. அங்கதான எல்லா அழுக்கும் கெடக்குது."

"சின்ன வாய் ஒண்ணு இருந்துது. எந்தப் பொட்டியில போட்டாங்களோ, ஆணி அடிச்சிட்டாங்க" என்றாள் பார்வதி.

பாய் தாடியைத் தடவினார். "இடுக்கை நீ துணியால துடைச்சிக்கயேன்."

அது போதவில்லை என்று தனக்கொடிக்குப் புரிந்தது. காருக்குள் குனிந்து பின்சீட்டு ஓரத்தை விரலால் விலக்கிக் காட்டினாள். "தோ பாருங்க. தையலையே பிச்சிட்டுது. நாலு வண்டி சீட்டும் இப்படி ஆச்சின்னா?"

அந்தத் தையல் பிரிந்து ஒரு மாதமாகிறது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

பாய் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "அட பாவமே. நேத்து மாத்தின சீட்டு மாதிரி இருந்துதே" என்று தையலை விரலால் தடவிவிட்டு நிமிர்ந்தார். "சரி, சின்னதப் போடு. தனக்கொடி, நீயே புடிச்சிப் பாரு."

பார்வதி அதை எடுத்து நீட்டினாள். தனக்கொடி இடது கையை நீட்டினாள்.

"அந்தக் கையில இல்லடி. சோத்துக்கையில புடி. பொத்தான் இந்தப் பக்கம் இருக்குது பாரு. கட்டைவெரலால அமுக்கிகினே இருக்கணும். வுட்டா நின்னுடும்."

"அவ பீச்சாங்கை" என்றான் சக்கரபாணி.

"வெள்ளக்காரன் அதுக்கெல்லாம் மிஷின் பண்ணல" என்றாள் பார்வதி.

வாங்கினாள். பார்த்தால் சின்னது, ஆனால் உள்ளே முழுக்க இரும்பு. வலது கைக்கு வந்ததும் தோள்மூட்டில் ஊசி இறங்கியது. காருக்குள் முழங்காலிட்டுப் பொத்தானை அமுக்கினாள். மிஷின் உதறியது. உதறல் மணிக்கட்டில் ஏறி, முழங்கையில் ஏறி, கோணலாகச் சேர்ந்த எலும்பில் போய் இடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தட்டையான வாய் சீட்டு இடுக்கில் சரியாகப் போயிற்று. அங்கிருந்து அட்சதை அரிசியும் ஒரு கொண்டை ஊசியும் கிளம்பி உள்ளே ஓடின. நல்ல மிஷின்தான். அதை அவளால் பார்க்க முடிந்தது. கை நழுவுகிற சமயத்தில் இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கினாள். சீட்டின் முதுகு அவளை மறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். முழுச் சீட்டையும் முடித்த பிறகே இறங்கினாள்.

"கனமா இருக்குதா?" என்று பாய் கேட்டார்.

"இல்ல மொதலாளி. பஞ்சு மாதிரி இருக்குது."

"அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?"

"கரண்டுன்னா பயம்."

பார்வதி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொங்கிய வலது கையைப் பார்த்தாள். மிஷினைத் திரும்ப வாங்குகிற சாக்கில் அருகே வந்து, குரலைத் தாழ்த்தினாள். "இத பாருடி, நான் ரெண்டையும் புடிச்சவ. பெருச வெச்சிக்க. அது பாட்டுக்கு கீழ கெடக்கும், நீ கொழாய மட்டும் புடிச்சிகினு போவலாம். இந்தச் சனியன் குடுக்கற நோவு ராத்திரியிலகூட கைய வுட்டுப் போவாது."

தனக்கொடி அவளை முறைத்தாள். இவளுக்கு என்ன தெரியும்? வீடு காலியானால் இவளுக்கும் வேலை இல்லை, ஆனாலும் இரண்டு கை இருக்கிறது.

"சின்னது போதும்" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

பாய் இரண்டு மிஷினையும் இன்னொரு தடவை பார்த்தார். பெரியதைக் காலால் லேசாக நகர்த்தினார். அது சறுக்குக் கட்டையில் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. தனக்கொடி அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், "சரி, சின்னதையே கட்டு" என்றார்.

திரும்பி வரும்போது மிஷின் அவள் மடியில் இருந்தது. வேலை போகவில்லை. அதையே மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். தோள் விண் விண்ணென்று தெறித்தது. பரவாயில்லை, பழகிவிடும்.

முன்சீட்டில் இருந்த பாய்க்கு வேடிக்கை பேசத் தோன்றியது. "டேய் சக்கரபாணி, பெருசை நீ நல்லாத்தான் புடிச்ச. அத வாங்கியிருந்தா உன்னையே வுட்டிருக்கலாம்."

சக்கரபாணியின் சிரிப்பு பாதியில் நின்றது. "எதுக்கு?"

"உள்ள உறிஞ்சறதுக்கு."

"பாய், வெளயாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க. அங்க சும்மா புடிச்சிப் பாத்தேன். அதுக்குன்னு நான் பெருக்கறவனா? இன்னா மிஷினா இருந்தாலும் அது தொடப்பந்தான். காக்கிச் சட்டை போட்டுகினு ஸ்டாண்டுல நின்னு பெருக்கினா எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான்? கலியபெருமாளக் கேளுங்க, மத்த டிரைவருங்களக் கேளுங்க. ஒருத்தன் தொடமாட்டான்."

"தெரியுண்டா. ஒரு பய செய்யமாட்டான்னு தெரிஞ்சிதான அவளக் கூட்டிகினு வந்தேன்" என்றார் பாய் அலுப்போடு. "தெனம் புடிக்கப் போறவதான புடிச்சிப் பாக்கணும்."

தனக்கொடி மடியில் இருந்ததை இறுக்கிப் பிடித்தாள்.

"நான் பெருசுதான் நெனைச்சிகினு வந்தேம்மா. தரையில போட்டு இழுத்துகினு போவ, நோவில்லாம இருக்கும்னு. நீதான் வேணாம்னுட்ட. நல்லதாப் போச்சி, இல்லன்னா சீட்டெல்லாம் நாசமாயிருக்கும்" என்றார் அவர், திரும்பாமலே.

வண்டி கால்வாயைத் தாண்டியது. இப்போது சொன்னால் திருப்பலாம். தூரம் ஒன்றும் இல்லை. மொதலாளி, பெருசையே வாங்கிடலாம் என்று சொன்னால் போதும். ஏன் என்பார். தையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் பொய் சொன்னவள் என்று ஆகும், அடுத்தது கை விளங்காதவள் என்று. பெருக்குவதற்கு டிரைவர் வரமாட்டான், ஆனால் பெருக்குவதற்கு இரண்டு கையுள்ள பெண்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் வருவார்கள். பார்வதியே வருவாள். அவளுக்கு மிஷினைப் பிடிக்கவும் தெரியும். தனக்கொடி துணிப்பையை மிஷினோடு சேர்த்துச் சுருட்டினாள். பஸ் நிற்கிற இடம் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் முதல் வண்டியைப் பொறுத்துக்கொண்டாள். பாதியில் இரண்டு தடவை நிறுத்தி, பையை உதறுகிற சாக்கில் வெளியே வந்து நின்றாள். இரண்டாவது வண்டியில் மிஷின் கையை விட்டுப் போய்க் கதவு விளிம்பில் இடித்தது. சத்தம் கேட்டுப் பாய் கொட்டகை வாசலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இன்னா அது?"

"ஒண்ணுமில்ல மொதலாளி. கதவு."

மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடையவில்லை, விளிம்பில் வண்ணம் மட்டும் பெயர்ந்திருந்தது. அதை உள்ளங்கையால் மறைத்தபடி சக்கரபாணியிடம் போனாள். அவன் மூலையில் பழைய டயர் ட்யூபை வெட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அதுல ஒரு துண்டு குடு."

"எதுக்கு?"

"மிஷினைக் கட்டிக்க. கீழ வுழுந்து ஒடைஞ்சிட்டா யாரு பதில் சொல்றது?"

நீளமாக ஒரு பட்டை அறுத்துக் கொடுத்தான். அவள் பிடியில் ஒரு முடிச்சும், பின்பக்கம் ஒரு முடிச்சும் போட்டு, இடது தோளில் மாட்டிக்கொண்டாள். கனம் முழுக்க அந்தத் தோளில் இறங்கியது. ரப்பர் கழுத்தை அறுத்தது. இடது கையால் மிஷினை நகர்த்த முடிந்தது. வலது கைக்குப் பொத்தானை அமுக்குகிற வேலை மட்டும்.

"அடேயப்பா, தூளி கட்டிட்டியா? ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்றான் சக்கரபாணி.

"உன்னாட்டம் வாய் இருக்குது. ஆம்பளதான்."

அவன் சிரித்துக்கொண்டே ட்யூபை வெட்டப் போனான். பாய் நடந்து வந்தார். இரண்டாவது வண்டிக்குள் கையை விட்டுச் சீட்டு இடுக்கைத் தடவி, விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. சனிக்கிழமை அந்த மதாம் குழந்தையோடு வருகிறாள், அன்றைக்கு வண்டி இப்படியே இருக்க வேண்டும் என்றார். பிறகு அவள் வலது கை மிஷின் மேல் இருப்பதைக் கவனித்தார்.

"இப்பதான் ரெண்டு கையும் வருது உனக்கு."

"வருது மொதலாளி" என்றாள்.

அவர் போகிறவரை அந்தக் கையை அங்கேயே வைத்திருந்தாள். போன பிறகு எடுத்துத் தொங்கவிட்டாள். அப்புறம் மூன்றாவது வண்டியின் கதவை இடது கையால் திறந்து, மிஷினை முதலில் சீட்டில் வைத்துவிட்டு, அதன் பின்னால் ஏறினாள்.