அடியில் போன நாணயம்

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே ஃப்ரிட்ஜிடம் போனாள். முன்னறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தகப்பனைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை, அதற்குள் இவளுக்கு என்ன பசி என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

மேலே ஃப்ரீசரில் பதினோரு சின்ன பாட்டில்கள். எல்லாம் அவள் எடுத்து வைத்த தாய்ப்பால். தேதியும் நேரமும் அப்பாவின் கோணல் எழுத்தில். ஏழு வாரம் முந்திப் பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. தினமும் காலையில் பாலை ஐஸ் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனவர் அப்பாதான். முந்தாநாள் பையைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அன்று கொடுத்தது இன்று மாலைவரைதான் வரும்.

அன்றிலிருந்து அவளுக்குப் பால் நின்றுபோனது. பால் எடுக்கும் பம்பை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் பாட்டிலின் அடி நனைவதோடு சரி. இந்தப் பதினொன்றுதான் கைவசம்.

தொட்டுப் பார்த்தாள். கல்லாக உறைந்திருந்தன. போன உயிர் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் மூலையிலிருந்த பிளாஸ்டிக் டம்ளர் கண்ணில் பட்டது.

அப்பா முப்பது வருஷம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்தவர். ஊரில் யாரை வேண்டுமானாலும் நம்புவார், ஃப்ரிட்ஜை மட்டும் நம்பமாட்டார். டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்திருந்தார். "நாம இல்லாதப்ப கரண்ட் போய் எல்லாம் உருகிட்டா, காசு அடியில போயிடும். திரும்ப உறைஞ்சாலும் மேல வராது. ஃப்ரிட்ஜ் பொய் சொல்லும்மா, காசு சொல்லாது."

நாணயம் டம்ளரின் அடியில் கிடந்தது.

"யாராவது இதை ஆஃப் பண்ணீங்களா?"

சித்தப்பா எழுந்து வந்தார். "ஃபேன் போடணும்னு நேத்து காலைல நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். இருட்டினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, உடனே மாட்டிட்டேன். அதுவரைக்கும் வர்றவங்க எல்லாம் ஐஸ், தண்ணின்னு திறந்துகிட்டே இருந்தாங்க. ஏம்மா?"

கணவன் ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தான். "கல்லு மாதிரிதானே இருக்கு? இதைப் போய்... ஆறு மணிக்குள்ள கொண்டுவரச் சொல்லியிருக்காங்க."

டம்ளரை ஒளித்துவிட்டால் ஆஸ்பத்திரியில் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பு வந்ததுமே நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"முழுசா உருகி நாள் பூரா இருந்த பால் வேண்டாம்மா. திரும்ப உறைஞ்சாலும் நல்லதாகாது. குறைமாசக் குடல் தாங்காது. இன்னைக்கு நாங்க வேற பால் ஏற்பாடு பண்றோம். நீங்க எடுக்கறதை மட்டும் நிறுத்தாதீங்க. ஒரு ஸ்பூன் வந்தாலும் கொண்டுவாங்க."

"வேற பால் அவனுக்கு ஒத்துக்குமா சிஸ்டர்?"

"பாத்துக்கறோம்மா."

பாட்டில்களையும் டம்ளரையும் வெந்நீரில் நிற்கவைத்தாள். ஒட்டியிருந்த தாள்களை உரித்தெடுத்து, சுவரில் ஒட்டினாள். இளகிய பாலை ஒவ்வொன்றாகக் கொட்டினாள். நான்காவது பாட்டிலில் அழுகை வந்தது. அப்பாவைக் குழியில் இறக்கும்போது வராத அழுகை. கணவன் அடுத்த பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பம்போடு உட்கார்ந்தாள். அரை மணியாயிற்று, முக்கால் மணியாயிற்று. வெளியே வந்தபோது பாட்டிலில் ஒரு ஸ்பூன் அளவு இருந்தது. தேதியையும் நேரத்தையும் முதன்முறையாகத் தன் கையால் எழுதி ஒட்டி, கீழ்த்தட்டில் வைத்தாள்.

"காலைல பஸ்ஸுல நானே கொண்டுபோறேன்" என்றாள்.

டம்ளரில் புதுத் தண்ணீர் பிடித்து மேலே வைத்துக் கதவைச் சாத்தினாள். முன்னறையில் சித்தப்பா ஃபேன் போடாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் உறையும்வரை நாணயத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு அவள் ஃப்ரிட்ஜ் பக்கத்திலேயே நின்றாள்.