ஐந்து கோட்டு நைட்ரேட்

உமைரா சாக்பீஸைக் கீழே வைத்தபோது, ஆதிகேசவன் சாருக்குத் தன் நாற்காலியோடு சேர்ந்து தரையே நாலு அங்குலம் இறங்கியது போல இருந்தது. கரும்பலகையில் நைட்ரேட் அயனி. நடுவில் நைட்ரஜன், சுற்றி மூன்று ஆக்சிஜன். ஒன்றோடு இரட்டைக் கோடு, மற்ற இரண்டோடு ஒற்றைக் கோடு. ஆக நாலே கோடு! மிச்ச எலக்ட்ரான்களை ஜோடி ஜோடியாகப் புள்ளி வைத்து, அடைப்புக்குறி போட்டு, மேலே ஒரு மைனஸ் வைத்திருந்தாள்.

ஆதிகேசவன் நைட்ரஜனுக்கு ஐந்து கோடு போட்டே இருபத்திரண்டு வருஷம் வேதியியல் நடத்தியவர். மணவாள நகரில் தடுக்கி விழுந்தால், அவரிடம் ஐந்து கோடு படித்த யார் மேலாவதுதான் விழ வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. உமைராவின் முதுகுக்குப் பின்னால், லேப் சுவரில், அதே அயனி ஐந்து கோட்டோடு ஆளுயரத்துக்கு எனாமல் பெயின்டில் நின்றது. 2000-இல் பள்ளிக் கரஸ்பாண்டன்ட் சுப்பிரமணி தன் அப்பா நினைவாக வரைய வைத்தது. கம்பெனிச் சுவர்களில் விளம்பரம் எழுதும் சடையப்பன் சாரம் கட்டி மூன்று நாள் வரைந்தான். நைட்ரஜன் ஒரு தர்பூசணி அளவு. ஜன்னலைத் திறந்தால் திருவாலங்காட்டுக்குப் போகிற ரயிலிலிருந்தே தெரியும் என்பார் சுப்பிரமணி. கீழே 'அமரர் அப்பாவு நினைவாக'. அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'வடிவமைப்பு: ஆதிகேசவன்'.

அன்று உமைராவுக்கு டெமோ கிளாஸ். பழவேற்காட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். மூன்று பள்ளிக்கூடங்கள் ஏற்கெனவே கைவிரித்துவிட்டன. ஆதிகேசவன் மார்க் ஷீட்டின் கடைசிக் கட்டத்தில் 'சரி' என்று எழுதினால்தான் வேலை.

"மிஸ், சுவத்துல வேற மாரி கீதே?" என்றாள் முதல் பெஞ்ச் நர்மதா.

உமைரா திரும்பினாள். பொடி எழுத்து வரைக்கும் படித்துவிட்டாள் என்பது, முக்காட்டை அவள் இழுத்துவிட்ட வேகத்திலேயே தெரிந்தது.

"சுவத்துல கீறது தப்புன்றியாம்மா?" என்றார் ஆதிகேசவன். "நைட்ரஜன் அஞ்சு, ஆக்சிஜன் மூணுக்கும் பதினெட்டு, மைனஸுக்கு ஒண்ணு. இருபத்திநாலு எலக்ட்ரான். அங்கயும் அதே இருபத்திநாலுதான கீது?"

"கூட்டல் சரிதான் சார்," என்றாள் உமைரா. "நைட்ரஜன மட்டும் சுத்தி எண்ணுங்க சார். பத்து வருது."

"பாஸ்பேட்ல பாஸ்பரஸுக்கு நீயே அஞ்சு கோடு போட்டியே! ரெண்டும் ஒரே குடும்பந்தான?"

"பாஸ்பரஸ் பெரிய வண்டி சார், பத்து பேரு ஏறலாம். நைட்ரஜன் ஷேர் ஆட்டோ. எட்டுக்கு மேல எடமே இல்ல."

"நம்மூரு ஷேர் ஆட்டோல பதினாலு பேரு ஏத்துறாங்கோ மிஸ்!" கடைசி பெஞ்சிலிருந்து வந்த குரலில் வகுப்பே உருண்டது.

"அது டிரைவர் ஏத்துவாரு. நைட்ரஜன் ஏத்தாது."

ஆதிகேசவன் சிரிக்கவில்லை. சுவரில் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டாக எண்ணினார். எட்டு வந்த பிறகும் ஒரு கோடு மீதி நின்றது. மறுபடி எண்ணினார். அது அங்கேயேதான் நின்றது. மொத்தம் சரியாக வந்துவிடுகிறதே என்று நடுவில் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷம்! எத்தனை லட்சம் நைட்ரஜன்களின் வயிற்றில் இரண்டிரண்டு எலக்ட்ரானைக் கூடுதலாகத் திணித்திருப்பார்!

"இன்னா சார், பேயறஞ்ச மாரி கீறீங்க?" வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுப்பிரமணி பக்கத்தில் வந்தார். "எங்க நைனா பேரு போட்ட சுவத்தயே தப்புன்னுது. பொண்ணு தேறுமா, தேறாதா?"

ஆதிகேசவன் எழுந்தார். ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டார். சட்டைப்பையிலிருந்து பென்சில் சீவும் பிளேடை எடுத்தார்.

"சார்! நைனா பேரு மேல கை வெக்காதீங்கோ!"

"பேரு மேல வெக்கல. அந்த அஞ்சாவது கோட்டு மேலதான்."

ஏறியதும் ஸ்டூல் ஆடியது. உமைரா ஓடிவந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். பிளேடு கறகறத்தது. அவருடைய இடது கையில் மார்க் ஷீட் விரிந்தே இருந்தது. கடைசிக் கட்டம் இன்னும் காலி. அதில் கறுப்பு எனாமல் பொருக்கு ஒன்று உதிர்ந்து விழுந்தது. பின்னாலேயே, அதை ஒட்டினாற்போல, இன்னொன்று, உமைரா வைத்த புள்ளி ஜோடி மாதிரி.