சிங்கப்பூருக்கு மட்டும் கேட்ட குரல்

1

இந்தக் கதை முதலில் என் கணினி வகுப்பு நோட்டில் ஒரு படமாகத்தான் இருந்தது. மூன்று பெட்டிகள், இரண்டு அம்புகள். ஒலிப்பதிவு ஸ்பீக்கருக்குப் போகாமல், மென்பொருள் உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேபிளுக்குள் போகும். வீடியோ அழைப்பு அதை மைக் என்று நம்பி எடுத்துக்கொள்ளும். அம்புகளை நான்கு முறை சரிபார்த்தேன். தப்பு எங்கே என்று எழுதிப் பார்த்தாலாவது தெரியுமா என்று பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: சோமநாத குருக்களுக்குத் தொண்டையில் அறுவை ஆகி இருபது நாள், அவர்

(விட்டுவிட்டேன். இரக்கம் முந்திக்கொள்கிறது.)

இரண்டாவது: அவர் மகன் சோமேஷ் ஒரு ஏமாற்றுக்காரன்.

(அடித்துவிட்டேன். மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவன். அவன் ஏமாற்றுக்காரன் என்றால் கேபிளை அமைத்துக்கொடுத்த நான் யார்?)

3

வைகாசியில் ஒரு வியாழன். ராஜம்மாள் எங்கள் ஊர்க்காரர். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். கணவருக்குப் பத்து மணிக்கு இதய அறுவை. அதற்குமுன் குருக்கள் குரலில் ஒரு சங்கல்பம் கேட்க வேண்டும் என்றார். குருக்களோ இரண்டு மாதம் வாய் திறக்கக் கூடாது. மீறினால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சோமேஷிடம் போன வருஷம் குருக்கள் சொன்ன ஒரு சங்கல்பத்தின் ஒலிப்பதிவு இருந்தது.

"எங்கப்பா குரல்தானே அருணா, வேற யாருதும் இல்லியே. பேரு, நட்சத்திரம், கோத்திரம் மூணும் வெட்டிட்டேன். அந்த எடத்துல மட்டும் நான் சொல்லிக்கறேன்."

குருக்களிடம் சொன்னோம். தலையை அசைத்தார். (சரி என்றா, வேண்டாம் என்றா? ஒவ்வொரு பிரதியிலும் மாற்றி எழுதியிருக்கிறேன்.)

4

குருக்கள் வாய் தெரியாதபடி கேமராவைப் பூஜை விளக்கின் பக்கம் திருப்பிவிட்டுப் பதிவை ஓடவிட்டேன். அறையில் சத்தமே இல்லை. கேபிளுக்குள் போகும் ஒலி நமக்கும் கேட்க வேண்டுமென்றால் அதைத் தனியாக அமைக்க வேண்டும், மறந்திருந்தேன். திரையில் பச்சைக் கோடு மட்டும் துள்ளியது. குருக்கள் பலகையில் உட்கார்ந்திருக்க, அவர் குரல் அவரைத் தொடாமல் கடல் தாண்டிக்கொண்டிருந்தது.

கண்மூடிக் கேட்டிருந்த ராஜம்மாள் கண் திறந்தார்.

"குருக்களே, குரோதின்னு வருதுங்களே. அது போன வருஷம் இல்லீங்களா? இப்ப விசுவாவசுதானே?"

சங்கல்பத்தில் ஆளின் பெயருக்கு முன்னால் வருஷத்தின் பெயர் வரும். அதை வெட்டவில்லை. பதிவை நிறுத்தி, மைக்கையும் அணைத்தேன்.

ராஜம்மாள் குரல் இறங்கியது. "சாமி, நீங்க அங்கதான இருக்கீங்க?"

5

முடிவு ஒன்று: சோமேஷ் உண்மையைச் சொல்கிறான். (அந்த நேரத்தில் அந்த உண்மையை வைத்துக்கொண்டு ராஜம்மாள் என்ன செய்வார்?)

முடிவு இரண்டு: லைன் சரியில்லை என்று சொல்லி, முழுச் சங்கல்பத்தையும் அவனே சொல்கிறான். (எழுதினேன். மிகவும் ஒழுங்காக வந்தது. அதனால் நம்பவில்லை.)

மூன்றாவது, நடந்தது. குருக்கள் எழுந்து வந்தார். "அப்பா, வேணாம்ப்பா," என்றான் சோமேஷ். அவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, திரையில் அணைந்திருந்த மைக்கைக் காட்டினார். அங்கே ஸ்ட்ரெச்சரைத் தள்ளும் சத்தம் கேட்டது. நான்

இந்த வரியைப் பதினொரு முறை எழுதிவிட்டேன். ஆறில் மைக்கைத் திறந்தேன், ஐந்தில் திறக்கவில்லை. திறந்தால் குருக்களுக்குக் குரல் போகிறது, திறக்காவிட்டால் ராஜம்மாளுக்கு நம்பிக்கை போகிறது. சங்கல்பம் சொல்ல குருக்கள் மூச்சை உள்ளே இழுத்துவிட்டார். மவுஸை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன்.