மூன்றாவது கல்

கண்ணாடி சுற்றியது. ஓரத்தில் ஒரு விரலால் தட்டியதுதான், பம்பரம் மாதிரி நடுவில் ஊன்றிச் சுழன்றது. அவள் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவசரமே இல்லாமல் இன்னொரு சுற்றுப் போய்விட்டு நின்றது.

தட்டையான கல்லின் மேல் தட்டையான கண்ணாடி சுற்றக் கூடாது. சப்பென்று படிந்து உட்கார்ந்து, தள்ளினால் அடம்பிடிக்க வேண்டும். சுற்றுகிறது என்றால் கல்லின் நடுவில் மேடு. அந்தக் கல்லின் மேல் உப்புத்தாளை ஒட்டித்தான் அப்பா, துளி வளைவிருந்தாலும் கசியும் ஆறு கம்ப்ரசர் வால்வுத் தட்டுகளைத் தேய்த்து, பழைய பனியன் துணியில் சுற்றி, காலையில் மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருந்தார்.

கண்ணாடியின் மேல் பழி போட்டுப் பார்த்தாள். பழைய ஜெராக்ஸ் மிஷினிலிருந்து கழற்றியது, வளைந்திருக்கலாம். குளியலறையின் தடித்த முகக்கண்ணாடியைச் சத்தமில்லாமல் இறக்கிக்கொண்டு வந்தாள். உள்ளறையில் அம்மா, ஆஸ்பத்திரி இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முகக்கண்ணாடியைக் கல்லில் வைத்துத் தட்டினாள். கூரையும் டியூப்லைட்டும் அவள் முகமும் சேர்ந்து சுற்றின. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல்.

இரண்டாவது கல்லில் வைத்தாள். சுற்றவில்லை. ஓரங்களில் மட்டும் பிடித்துக்கொண்டு நகர மறுத்தது. ஒரு கல்லுக்கு முதுகு, இன்னொன்றுக்குக் குழி. ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்து, ஒன்றின் மேட்டுக்கு மற்றது அளவாகக் குழிந்துகொடுத்திருந்தது. சண்டையே போடாத புருஷன் பெண்டாட்டி மாதிரி அப்படியொரு பொருத்தம்.

அழுகை வரவில்லை. விரல்கள் மட்டும் குளிர்ந்து, யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கையுறைகள் மாதிரி கிடந்தன.

வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய பிறகு அப்பா பின்கட்டில் பட்டறை போட்டபோது, முதலில் தேவைப்பட்டது ஒரு சமதளம்தான். கடைசல் மிஷினில் இருபது வருஷம் நின்றவர் அவர். சாய்ந்த காலண்டரைக் கண்டால்கூடச் சாப்பாடு இறங்காது என்பதால் ‘ரசமட்டம்’ என்று பட்டப்பெயர். தொழிற்சாலையின் அளவு பார்க்கும் அறையில் கறுப்புக் கல்மேசை ஒன்று இருந்தது. அதில் வைத்துப் பார்க்கத் தெரியும். அந்த மேசை எப்படி மட்டமானது என்று அவர் கேட்டதுமில்லை, யாரும் சொன்னதுமில்லை. அப்படியொன்றை விற்கிறவரிடம் விலை கேட்டுவிட்டுப் போனை வைத்தவர் சிரித்தார். அந்தக் காசுக்கு வீட்டையே மட்டமாக இடித்துவிடலாமாம்.

அதனால் மலிவாக ஒன்றைத் தேடுவது அவள் பொறுப்பானது. ஜன்னல் கண்ணாடி கை பட்டால் வளைந்தது. தரை ஓடு, இரும்பு ஸ்கேலை வைத்துப் பின்னால் டார்ச் அடித்தால் வாழைப்பழமாகத் தெரிந்தது. கல்லறைக் கற்கள் செய்கிற கடைக்கும் போனாள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி யாருக்கம்மா என்று கேட்க, இவள் யோசிக்காமல் “எங்கப்பாவுக்கு” என்றாள். அவர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்தக் கல்லும் பளபளப்புதானே ஒழிய மட்டம் இல்லை.

கடைசியில் கிடைத்தது சமையல் மேடை செய்கிற இடத்தின் பின்பக்கக் குப்பையில். பாத்திரம் கழுவும் தொட்டி வைக்க வெட்டியெடுத்த கிரானைட் துண்டுகள். தடிப்பு இரண்டு விரல். எடுத்துக்கொண்டு போனால் இடமாவது காலியாகும் என்றார்கள். மூன்று துண்டுகள் சுவரில் சாய்ந்திருந்தன. ஸ்கூட்டர் தாங்காது, ரெண்டு போதும் என்றார் அப்பா. கற்களைப் பார்த்த அம்மா, உங்கப்பா தலையில இருக்கிறது போதாதுன்னு வெளியிலிருந்து வேற கொண்டுவர்றீங்களா என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

கற்களைத் தேய்க்கிற முறையை அவள்தான் போனில் ஒரு வீடியோவில் பார்த்தாள். நடுவில் சொரசொரப்பான தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு ஒன்றின் மேல் ஒன்றாகத் தேய்க்க வேண்டும். வாரக்கணக்கில் தேய்த்தார்கள். ஒரு நாள் மேல் கல்லைத் தூக்கியபோது கீழ்க்கல்லும் ஒட்டிக்கொண்டு எழுந்து வந்தது. அப்பா அதைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டினார். வீடியோவிலும் கல் கல்லைத் தூக்கிய இடத்தோடு அவள் நிறுத்திவிட்டிருந்தாள். ஜெயித்த பிறகு யார் மேற்கொண்டு பார்ப்பார்கள்?

இப்போது மீதியைப் பார்த்தாள். இரண்டு கல் மட்டும் இருந்தால் ஒன்றுக்கொன்று ஒத்து ஊதும், மூன்றாவது வேண்டும், மூன்றும் மாறி மாறி எல்லாவற்றோடும் படிந்தால்தான் மட்டம் என்று வீடியோவில் இருந்த ஆள் சாவகாசமாகச் சொன்னார். அப்பா நீல மையைத் தேய்த்த அதே கல்லில் பூசி, வால்வுத் தட்டை ஒற்றிப் பார்த்தபோது தட்டு முழுக்க நீலமாக வந்ததும் அதனால்தான். காக்கையிடம் போய் அதன் குஞ்சு பொன்னா என்று கேட்டிருக்கிறார்கள்.

மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தார். வீட்டில் தேய்க்கிறவர்களிடம் அவர் ஒரு தடவை சூடு பட்டவர். அப்பா முகத்துக்காக இது ஒரு முறை. ஒன்று தப்பாகப் போனாலும் மறுபடி வாசல் ஏற வேண்டாம் என்று. அந்த வாசல் அடைபட்டால் அப்பாவுக்கு இருப்பது கப்பல். கூட வேலை பார்த்த ஒருவர் எஞ்சின் அறையில் இடம் பார்த்து வைத்திருந்தார். ஏறினால் இரண்டு வருஷம் இறங்க முடியாது. அப்பாவின் பதிலுக்கு அந்த நண்பர் காத்திருப்பது இன்று வரைக்கும்தான்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. முகக்கண்ணாடியை மறுபடி மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. கை எழவில்லை.

அப்பா செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரசரில் ஒரு தட்டை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினார்களாம். சுற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் ஒரு குமிழிகூட வரவில்லையாம். இனி எல்லாத் தட்டும் ரசமட்டத்துக்குத்தான் என்று மெக்கானிக் எல்லோர் எதிரிலும் சொன்னாராம். கப்பல்காரனுக்குப் போன் பண்ணி, நீயே ஓட்டிக்கோடா என்று சொல்லப்போகிறேன் என்றபடி போனை எடுத்தார்.

அவள் முகக்கண்ணாடியை முதல் கல்லுக்கு மாற்றி வைத்துத் தட்டினாள்.

அப்பா அது நிற்கும்வரை பார்த்தார். பிறகு குனிந்து தானே ஒரு தரம் சுற்றிவிட்டார். இரண்டாவது கல்லில் வைத்து நகர்த்தினார். திரும்ப முதல் கல். திருப்பிப்போட்டு வைத்தார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“சோப்புத் தண்ணி பொய் சொல்லாது, பாப்பா” என்றார். “ஒரு குமிழி வரல.”

“இன்னிக்கு வரலப்பா.”

அவர் தரையில் உட்கார்ந்தார். யாருக்கோ கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல மெதுவாகச் சொன்னார்.

“போல்ட்டு இறுக்கினதுல தட்டு வளைஞ்சு படிஞ்சிருக்கும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி... வெயில் காலத்துல ஒரு நாள் கசிய விட்டுடும். ஐஸெல்லாம் தண்ணியாயிடும். பேரு போறது அந்த மெக்கானிக் மனுஷனுக்கு.”

“விடாமலும் இருக்கலாமில்லப்பா?”

“இருக்கலாம்.”

கட்டில் கிறீச்சிட்டது. தூக்கக் கலக்கத்தில் அம்மா, பாத்ரூம்ல கண்ணாடிய எவடி எடுத்தது என்று கேட்டாள்.

அப்பா போனைத் திறந்தார். மெக்கானிக் பெயரும் கப்பல்காரர் பெயரும் அடுத்தடுத்து நின்றன. உண்மையைச் சொன்னால் ஒரு வாசல் அடைபடும், கப்பலை வேண்டாமென்றால் இன்னொன்று. கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அந்த நகத்தில் நீல மை இன்னும் போகவில்லை. அவர் கோபமாக இல்லை. அவளைக் குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே தெரியாத ஒருவர் கேட்பது போலத்தான் கேட்டார்.

“யாருக்கு முதல்ல போன் பண்ணட்டும், பாப்பா?”