புது ஸ்க்ரப்பர்

எங்கள் சட்டி ஆலையின் சோதனைக்கூடத்தில் ஓர் இயந்திரக் கை இருக்கிறது. நான்ஸ்டிக் சட்டிக்குள் பச்சை ஸ்க்ரப்பரை அழுத்தி முன்னும் பின்னும் தேய்ப்பதுதான் அதன் பிழைப்பு. தேய்த்து முடித்ததும், எண்ணெய் விடாமல் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுவோம். வழுக்கி வந்தால் கோட்டிங் பாஸ். ஒட்டினால் ஃபெயில். ஆயிரம் தேய்ப்புக்கு ஒருமுறை ஸ்க்ரப்பரை மாற்ற வேண்டும் என்று சுவரில் விதி ஒட்டியிருக்கிறது. அடியில் மேலாளர் கிரெய்க் ஹுட்டலின் கையெழுத்து.

மூன்று பூச்சு அடித்த இடத்தில் இரண்டு போதும் என்று குறைத்ததும் அதே கிரெய்க்தான். இரண்டு பூச்சுச் சட்டி மூவாயிரம் தேய்ப்பிலேயே அலுமினியத்தைக் காட்டியது. பெட்டி மேல் அச்சடிக்க அவருக்குப் பதினைந்தாயிரம் வேண்டும். அதனால் இன்னொரு சட்டியை வைத்து, ஒரே ஸ்க்ரப்பரை மாற்றாமல் ஓட்டச் சொன்னார். ஆயிரம் தாண்டிய ஸ்க்ரப்பரில் சொரசொரப்பு ஏது? குழந்தைக்கு முதுகு தடவிவிடுவது போலச் சட்டியைத் தடவிக்கொண்டிருந்தது.

"பதினாலாயிரம் ஆச்சு, பெருசா கீறல் இருக்கா பாரு! ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்து போட்டுடு பாப்பா," என்றார் கிரெய்க்.

"என் பேரு ஜோலின். ஸ்க்ரப்பரை மாத்தவே இல்லையே?"

"வெள்ளிக்கிழமையோட உன் ப்ரொபேஷன் முடியுது. ஞாபகம் இருக்கில்ல?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதே ஆலையில் இருபத்திரண்டு வருடம் கோட்டிங் தெளித்து என்னை வேதியியல் படிக்க வைத்தவள் அம்மா. மதியம் கேன்டீனில் அவளிடம் சொன்னேன்.

"போட்டுத் தொலையேன்டி. நான் எவ்வளவு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன் தெரியுமா?"

"அதான் உனக்குப் பாதிப் பல்லு இல்ல."

ஊறுகாய் வெள்ளரித் துண்டு ஒன்று பறந்து வந்து என் கோட்டில் விழுந்தது.

வியாழக்கிழமை, பெரிய கடை ஒன்றுக்குச் சரக்கு வாங்கும் மார்லா டீட்ஸ் வந்தாள். கடைசி ஆயிரம் தேய்ப்பை அவள் முன்னால் ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. "நீ வாயே திறக்கக் கூடாது," என்றார் கிரெய்க்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்க்ரப்பர் பாக்கெட்டைத்தான் திறந்தேன்.

கிரெய்க் காபியும் சீஸ் உருண்டைகளும் கொடுத்து, உறைந்த ஏரியில் தான் மீன் பிடித்த கதையை ஆரம்பித்தார். மீன் தூண்டிலில் மாட்டுவதற்குள் இயந்திரம் கர் கர் என்றது.

"என்ன சத்தம் அது?" என்றாள் மார்லா.

கிரெய்க் என் காதருகே வந்து, "நிறுத்து," என்றார்.

"எதுக்குங்க?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டேன். "ஆயிரத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு நீங்கதான எழுதி ஒட்டியிருக்கீங்க? மாத்திட்டேன்."

மார்லா எழுந்து போய் விதியைப் படித்தாள்.

"நல்ல விதி. அப்ப இதுக்கு முன்னால பதினாலு தேஞ்சிருக்கணுமே. எங்க, காட்டுங்க."

கிரெய்க் குப்பைத் தொட்டியைப் பார்த்தார். அதில் ஒன்றே ஒன்று கிடந்தது, வழுக்கைத் தலையோடு.

ஆயிரம் முடிந்தது. முட்டையை ஊற்றினேன். சட்டியைக் கவிழ்த்து உலுக்கியும் அது அசையவில்லை. மார்லா கரண்டியால் சுரண்டிப் பார்த்தாள்.

"முட்டை கேட்டா சுவருக்குப் பூசற மாதிரி பூசிக் குடுக்கறீங்களே! நிஜ எண்ணிக்கையை எழுதி அனுப்புங்க. அப்புறம் வாங்கறதைப் பத்திப் பேசலாம்."

அவள் கார் வாசலைத் தாண்டியதும் கிரெய்க் வேலைநீக்கப் படிவத்தை எடுத்து வந்து மேசையில் அறைந்தார். பெயர், தேதி எல்லாம் மளமளவென்று எழுதினார். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"எழுதுங்க," என்றேன். "விதிப்படி ஸ்க்ரப்பரை மாத்திட்டாள்னு. மேலிடத்துல படிச்சுப் பாக்கட்டும்."

அவர் படிவத்தை நாலாக மடித்துப் பையில் திணித்தார். அறிக்கையை என் பக்கம் தள்ளினார். அவர் கையிலிருந்த பேனாவையே வாங்கி, "இரண்டு பூச்சு: மூவாயிரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.